மேல் இரண்டு செ.மீ.

எண்ணூர் கழிமுகச் சேற்றில் நஞ்சு எவ்வளவு என்று பார்க்க, பத்து இடத்தில் ஒரே அடுக்காக எடுப்பதற்குப் பதில் ஐந்து இடத்தில் மேல் 2 செ.மீ., அதற்குக் கீழே என்று இரண்டு அடுக்காக எடுக்கலாம் என்றேன். "பத்து எடத்துக்கு வந்த காசை அஞ்சு எடத்துல போட்டுட்டா, மீதி அஞ்சுல என்ன கெடக்குன்னு யாரு சொல்லுவா தம்பி?" என்றார் சீனியர். "சேத்துல மேயுற உள்ளான் பறவை பதினஞ்சு செ.மீ. தோண்டாது சார்" என்றேன். அந்தப் பதில் போதும் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

எண்ணூரில் சேறு எடுப்பவர்கள் வழக்கமாக 15 செ.மீ. ஆழத்துக்குக் குழாய் இறக்கி, வந்ததையெல்லாம் கலக்கி ஒரே பையில் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அனல்மின் நிலையச் சாம்பலோ, கசிவு புதிதென்றால், மேலே வெளிறிய பூச்சாகத்தான் படிந்திருக்கும். அதற்குக் கீழே அழுகிய முட்டை வாடையோடு கருஞ்சேறு. ஒரு கணக்குக்கு, மேல் 2 செ.மீ.யில் கிலோவுக்கு 60 மி.கி. ஆர்செனிக், கீழே 13 செ.மீ.யில் 5 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். கலக்கினால் 12 சொச்சம் வரும். யாருக்கும் உறுத்தாது.

கர்லூ சாண்ட்பைப்பர் என்கிற உள்ளானின் மூக்கு ஏறக்குறைய 4 செ.மீ.தான். 2024-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னின் பட்டியலில் அது அழிய வாய்ப்புள்ள இனமாக ஏறிவிட்டது. இந்த வகைப் பறவைகள் புழுவோடு சேற்றையும் விழுங்கும். அமெரிக்காவில் 1994-ல் வெளியான ஆய்வொன்றில், செமிபால்மேட்டட் சாண்ட்பைப்பர் தின்றதன் உலர் எடையில் 30 சதவீதம் மண். வெஸ்டர்ன் சாண்ட்பைப்பருக்கு 18. புழுவில் இருக்கும் உலோகத்தை மட்டும் கணக்கில் போட்டால் இந்தப் பங்கு அப்படியே விட்டுப்போகும். ஈயம் மாதிரி, புழு உடம்பில் அவ்வளவாகச் சேராத உலோகத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

அதனால்தான் இரண்டு அடுக்காக வெட்டச் சொன்னேன். பிவிசி குழாயை இறக்கி, மேல்வாயை அடைத்து உருவி, புட்டுக்குழலில் தள்ளுவதுபோல் அடியிலிருந்து தள்ள வேண்டும். மேல் 2 செ.மீ.யைப் பிளாஸ்டிக் தகட்டால் வெட்டலாம். எவர்சில்வர் கத்தி வேண்டாம், குரோமியமும் நிக்கலும் ஒட்டும். குழாய்ச் சுவரைத் தொட்ட விளிம்பைக் கழித்துவிட வேண்டும். இறங்கும்போதே மேல்சேறு அதில் இழுபட்டு வந்திருக்கும். பாதரசம் பார்ப்பதென்றால் 105 டிகிரியில் உலர்த்த வேண்டாம் என்று ஆய்வகத்துக்கு எழுதியே கொடுப்பது நல்லது, கொஞ்சம் ஆவியாகப் போய்விடும். எண்ணெய்க்கு எல்லாம் தலைகீழ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவியதே, அந்த மாதிரி எண்ணெயைத் தேடினால் பிளாஸ்டிக் ஆகாது. கண்ணாடிப் புட்டி, எவர்சில்வர் கரண்டி. ஒரே குழாய்ச் சேறு இரண்டுக்கும் உதவாது. செலவு அங்கேயும் ஏறும்.

இவ்வளவும் சரிதான். இரண்டு அடுக்கின் எடையையும் வைத்துக் கூட்டினால் பழைய 15 செ.மீ. கணக்கும் கிடைத்துவிடும், எதுவும் நஷ்டமில்லை என்றும் வாதாடலாம். ஆனால் சாம்பல் குழாய் கழிமுகத்தை ஒட்டி நெடுந்தூரம் போகிறது. இன்று கசிந்த இடத்தில் நாளை கசியும் என்று சொல்ல முடியாது. உள்ளானும் ஓதம் வற்றும் பக்கமெல்லாம் மேயும், நாம் குறித்த ஐந்து இடத்தில் நிற்காது. பறவையைச் சொல்லி ஆழத்தைக் குறைத்தவன், அதே பறவை சுற்றும் பரப்பையும் குறைத்தது எந்த நியாயம்?

பத்து இடத்திலும் மேல் அடுக்கை மட்டும் எடுத்திருக்கலாம். காசு அதேதான். அப்போது அடிச்சேற்றில் இயல்பாகவே எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது; வந்த எண்ணைச் சாம்பல்மேல் சுமத்த முடியாது. தவிர, பெருவெள்ளம் சாம்பலுக்கு மேல் இரண்டு மூன்று செ.மீ. புதுவண்டலைப் போட்டுவிட்டுப் போனால், என்னுடைய மேல் அடுக்கு சுத்தமாக வரும். மூக்கு எட்டும் ஆழத்தில் நஞ்சு அப்படியே இருக்கும்.

இப்போது யார் கேட்டாலும் 5 செ.மீ., பத்து இடம் என்றுதான் சொல்கிறேன். சீனியர் அதற்கும் சிரிக்கிறார். மேலே சொன்ன அதே சேற்றை 5 செ.மீ.க்குக் கலக்கினால் 27 வரும். அது 60-ம் இல்லை, 12-ம் இல்லை.