கார் நெல்லுக்கு ஒரு சத்தம், பிசான நெல்லுக்கு ஒரு சத்தம்

சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாயை ஒட்டி ஒரு பழைய அரிசி ஆலை இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக என் சனிக்கிழமைகள் அங்கேதான் கழிகின்றன. வார நாட்களில் பாலிடெக்னிக்கில் கருவியியல் பாடம் நடத்துகிறேன். மீதி நேரத்தில் முனைவர் பட்ட ஆய்வு. இயந்திரம் நின்றுபோவதற்கு முன்பே, அதன் அதிர்வை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பதுதான் என் தலைப்பு.

"ஸ்மார்ட் உற்பத்தி என்றால் ஸ்ரீபெரும்புதூர் ரோபோதானே மிஸ், அதற்கும் நம் ஊர் நெல் மில்லுக்கும் என்ன தொடர்பு?" என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். அவளுக்கு அன்று மணி அடிப்பதற்குள் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான்காவது தொழிற்புரட்சி என்ற பேச்சு ஜெர்மனியில் தொடங்கியது. 2011இல் ஹன்னோவர் தொழிற்கண்காட்சியை ஒட்டி 'இண்டஸ்ட்ரி 4.0' என்ற பெயர் வெளியே வந்தது. 2013 ஏப்ரலில் அதற்கான பரிந்துரை அறிக்கை தயாரானது. 2016இல் உலகப் பொருளாதார மன்றத்தின் நிறுவனர் கிளாவுஸ் ஷ்வாப் 'நான்காவது தொழிற்புரட்சி' என்ற பெயரில் நூல் எழுதிய பிறகு உலகமே அதைப் பேசியது. முதல் புரட்சிக்கு நீராவி, இரண்டாவதற்கு மின்சாரம், மூன்றாவதற்கு 1969இல் வந்த பிஎல்சி என்ற, இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி, நான்காவதற்கு ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இயந்திரங்கள் என்று பாடப்புத்தகம் கணக்குச் சொல்லும். நம் பக்கத்துக் கணக்கு கொஞ்சம் வேறு. 1880களில் விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில் வந்தபோது நூற்புக் கதிர்களைச் சுழற்றியது பாபநாசத்து அருவித் தண்ணீர். 1944இல் அதே பாபநாசத்தில் நீர்மின் நிலையம் வந்தது. எங்களுக்கு முதல் புரட்சியையும் இரண்டாவதையும் தாமிரபரணிதான் கொண்டுவந்து கொடுத்தது. இன்று கங்கைகொண்டானில் ஆண்டுக்கு 4.3 ஜிகாவாட் அளவுக்குச் சூரிய மின்கலமும் தகடும் செய்யும் ஆலை ஓடுகிறது. ஆகவே 'நம் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு' என்ற கேள்விக்கே இடமில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் ஆய்வு உலகம் எங்கே நிற்கிறது என்பது வேறு விஷயம்.

சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம்தான் பேரிங். அதன் பழுதைக் கண்டறிவது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தால், பெரும்பாலானவை ஒரே தரவுத் தொகுப்பில் போய் நிற்கும். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் வெளியிட்ட தொகுப்பு அது. 2 குதிரைத்திறன் மோட்டார். பேரிங்கில் மின்பொறியால் வேண்டுமென்றே போட்ட பள்ளம், அதில் மிகச் சிறியது 0.007 அங்குலம், நொடிக்கு 12,000 முறையும் 48,000 முறையும் பதிவு செய்த அதிர்வு. நல்ல தொகுப்பு, நானும் அதில்தான் கற்றேன். அந்த 6205 பேரிங்கில் 9 குண்டுகள். வெளிவளையத்தில் ஒரு பள்ளம் இருந்தால், தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் குண்டுகள் அதன்மேல் சுமார் 3.585 முறை ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 1,797 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 30 சுற்று. அப்படியானால் நொடிக்குச் சுமார் 107 தட்டுகள். முதல் முறை அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத் திரையின் வரைபடத்தில் 107க்கு நேராக ஒரு முள் எழுந்து நிற்பதைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் காயத்தைப் பெருக்கலும் வகுத்தலும் காட்டிக்கொடுத்துவிட்டன.

சிக்கல் என்னவென்றால், அந்த ஆய்வகத்தில் நெல் இல்லை.

போன ஆண்டு மாசியில், எங்கள் பக்கத்தின் இரண்டாம் போகமான பிசான அறுவடை நெல் ஆலைக்கு வரத் தொடங்கியபோது, தவிட்டை நீக்கும் பாலிஷரின் மோட்டாரிலும் உமியை நீக்கும் ஷெல்லரின் மோட்டாரிலும் அதிர்வு உணரிகளைப் பொருத்தினேன். காந்தத்தில் ஒட்டினால் இரண்டே நாளில் தவிடு புகுந்து நழுவிவிடும். பிசின் வைத்து ஒட்டினோம். ஆலையில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், எதன்மேலும் விரல் வைக்க முடியாது, எல்லாவற்றின் மேலும் மாவு போலத் தவிடு படிந்திருக்கும். ஆறு வாரப் பதிவில் என் கணினி மாதிரியை, அதாவது அதிர்வைக் கேட்டுப் பழுதைச் சொல்லக் கற்கும் நிரலை, பழக்கினேன். பிறகு பங்குனி முடியும்வரை அது அருமையாக வேலை செய்தது. கோடையில் நெல் வரத்து குறைந்தது, நானும் விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன்.

ஐப்பசியில் முதல் போகமான கார் நெல் வந்தது. முதல் நாளே சைரன் அடித்தது. மறுநாளும் அடித்தது. மூன்றாம் நாள் பகல் பொழுதில் மட்டும் ஒன்பது முறை. ஒவ்வொரு முறையும் 'பாலிஷர் பேரிங் பழுது' என்றே திரை சொன்னது. கழற்றிப் பார்த்தால் பேரிங் நன்றாக இருந்தது. "டீச்சரம்மா, உங்கள் மணியை அணைத்து வைக்கட்டுமா, பையன்கள் பயப்படுகிறார்கள்" என்று அண்ணாச்சி கேட்டார். ஆலையை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டும் டிரைவர் அவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் அழைக்கிறது. சரி என்று நானே சொன்னேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அதே பாலிஷர் மோட்டாரின் பேரிங் உண்மையிலேயே இறுகி நின்றுவிட்டது. ஒன்றரை நாள் ஆலை நின்றது. வெளியே மழை. களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் பதினேழு விவசாயிகளின் நெல் சூடேறிக்கொண்டிருந்தது. ஒருவர் ஒன்றும் பேசாமல் தார்ப்பாயைத் தூக்கி, உள்ளே கையை விட்டுவிட்டு மூடினார். அந்தக் கை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

என்ன நடந்தது என்பதை அண்ணாச்சிதான் விளக்கினார். சாக்கிலிருந்து நாலு நெல்லை எடுத்தார், முன்பல்லில் வைத்துக் கடித்தார். 'டக்' என்று சத்தம் வந்தால் காய்ந்த நெல். சத்தமே இல்லாமல் நசுங்கினால் ஈரம். பிசான நெல் பங்குனி வெயிலில் களத்தில் காய்கிறது; கார் நெல்லோ ஐப்பசி மழைக்கும் மழைக்கும் நடுவே கிடைக்கிற வெயிலில் அரைகுறையாகக் காய்ந்து வருகிறது. அரைப்பதற்கு ஈரம் 14 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் தவிடு பசைபோல் ஆகிப் பாலிஷர் சல்லடையின் கண்களை அடைக்கும். உள்ளே அழுத்தம் ஏறும், மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், அதிர்வின் குணமே மாறும். பிசானத்தை மட்டுமே கேட்டு வளர்ந்த என் மாதிரிக்கு, இந்தப் புது அதிர்வு எல்லாமே பழுதாகத் தெரிந்திருக்கிறது.

பிறகு அண்ணாச்சி தன் நோட்டைக் காட்டினார். நீள அட்டை போட்ட கணக்கு நோட்டு. தேதி, நெல் வந்த ஊர், மூட்டை, அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல். முனகல். கரகரப்பு. கீச்சு. ஊளை. சுமை ஏறினால் முனகல். ரப்பர் ரோலுக்குள் கல் புகுந்தால் கரகரப்பு. பெல்ட் வழுக்கினால் கீச்சு. பேரிங் போகப் போகிறது என்றால் ஊளை. பேரிங் இறுகிய வெள்ளிக்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமைக்கு நேராக 'ஊளை' என்று எழுதியிருந்தார். அறுவடை நெருக்கடியில் ஒரு நாள் நிறுத்தக்கூட முதலாளி ஒப்பவில்லையாம்.

வீட்டுக்கு வந்து அந்தச் செவ்வாய்க்கிழமைப் பதிவை எடுத்தேன். அலையின் வெளிக்கோட்டை மட்டும் பிரித்து எடுத்து ஆராயும் பழைய முறை ஒன்று உண்டு. அதைப் போட்டு, அந்தப் பெரிய பேரிங்குக்கான தட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முள் இருந்தது. ஈர நெல்லின் இரைச்சலுக்கு நடுவே, சரியாகக் கணக்குச் சொன்ன இடத்தில் எழுந்து நின்றது. என் மாதிரி அதையும் ஈர நெல்லையும் ஒரே பெட்டியில் போட்டிருந்தது. அண்ணாச்சியின் காது பிரித்துப் போட்டிருந்தது.

இப்போது ஆய்வுப் போக்குகளுக்கு வருகிறேன். மேலே சொன்னதற்கு ஆய்வில் 'களப் பெயர்வு' என்று பெயர். ஓரிடத்தில் பழகிய மாதிரி, சுமையோ வேகமோ மூலப்பொருளோ மாறிய இடத்தில் தடுமாறுவது. ஒரு சூழலில் கற்றதை இன்னொரு சூழலுக்குக் கொண்டுசெல்வது எப்படி என்பதுதான் இந்தத் துறையில் பெரிதாக வளர்ந்திருக்கிற கிளை. நடைமுறையில் உள்ள தீர்வுகளில் எனக்கு நம்பிக்கை தருவது, இயற்பியலைக் கணினிக் கற்றலுக்குள் கொண்டுவருவது. குண்டுகளின் எண்ணிக்கையும் தண்டின் வேகமும் நமக்கு முன்பே தெரியும். அதைக் கணினி தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று ஏன் விட வேண்டும்? நெல்லின் ஈரம் எவ்வளவு ஆனாலும் அந்தத் தட்டுக் கணக்கு மாறாது. இப்போது என் மாதிரி முதலில் அந்தக் கணக்கைப் பார்க்கிறது, பிறகுதான் கற்றதைக் கொண்டு முடிவு சொல்கிறது.

'இலக்கமுறை இரட்டை', அதாவது ஓர் இயந்திரத்துக்குக் கணினிக்குள் ஒரு நகல், பற்றியும் மாணவர்கள் கேட்கிறார்கள். மைக்கேல் கிரீவ்ஸ் 2002இல் மிச்சிகனில் முன்வைத்த கருத்து. பின்னர் நாசா எடுத்து வளர்த்தது. இயந்திரத்தின் தரவு கணினி வடிவத்துக்குத் தானாகப் போக வேண்டும், கணினியின் முடிவு இயந்திரத்துக்குத் தானாகத் திரும்பி வர வேண்டும். ஒருபக்கம் மட்டும் போனால் அதற்கு 'நிழல்' என்றுதான் பெயர். இந்த வேறுபாட்டை 2018இல் ஓர் ஆய்வுக் குழு எடுத்துச் சொன்னபோது, இரட்டை என்று பெயர் போட்டுக்கொண்ட பல வேலைகள் நிழலாகவே நின்றன. என் ஆலையில் இருப்பதும் நிழல்தான். சிறிய ஆலைக்கு அது போதும் என்பது என் கருத்து.

எனக்கு நெருக்கமான இன்னொரு போக்கு, கூட்டுக் கற்றல். கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் கைபேசிகளுக்காக முன்வைத்தது. தரவு அவரவர் இடத்திலேயே இருக்கும்; கற்றதன் சாரம் மட்டும் வெளியே போய்ச் சேரும். இது நம் பகுதிக்கு எவ்வளவு பொருத்தம் என்பது ஆலை முதலாளிகளிடம் பேசினால்தான் புரியும். பக்கத்து ஊர் ஆலை ஒன்றில் உணரி வைக்கக் கேட்டேன். "மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று தெரிந்தால், எத்தனை மூட்டை அரைத்தேன் என்று யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுவிடுவார்களே தங்கச்சி" என்றார். அவர் அச்சம் நியாயமானது. அவருடைய மூட்டைக் கணக்கு அவரிடமே இருக்கட்டும், பாலிஷரின் ஊளை எப்படி இருக்கும் என்ற பாடம் மட்டும் பத்து ஆலைகளுக்கிடையே போய்வரட்டும் என்று சொன்னதும் யோசிக்கிறேன் என்றார். ஒரு ஆலையில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேரிங் போனாலே அதிகம். அந்த ஒன்றிரண்டு உதாரணத்தை வைத்துக்கொண்டு எந்த மாதிரியும் கற்க முடியாது. பத்து ஆலைகள் சேர வேண்டும்.

2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் 'இண்டஸ்ட்ரி 5.0' என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. மனிதரை நடுவில் வைப்பது, இயற்கையைக் காப்பது, இடர்களைத் தாங்குவது என்ற மூன்றையும் அது முன்வைக்கிறது. மனிதரை நடுவில் வைப்பது என்றால் தொழிலாளியின் பாதுகாப்பு, பயிற்சி என்று பல கட்டுரைகள் விரிக்கின்றன. அவை தேவைதான். எனக்கு அது இன்னும் நேரடியான பொருள் தருகிறது: தரவுக்குப் பெயர் சூட்டுகிறவர் யார்? உணரி எண்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த எண் பழுது, இந்த எண் ஈரம் என்று சொல்ல ஆள் வேண்டும். அண்ணாச்சிக்கு வயது அறுபத்து நான்கு. அவருக்குப் பிறகு ஆலைக்கு வரும் பையன்களுக்கு முனகலும் ஊளையும் ஒன்றாகவே கேட்கின்றன. அந்த நான்கு சொற்களும் என் ஆய்வேட்டில் தமிழிலேயே இருக்கும் என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டேன். கணினி மாதிரியின் வகைகளுக்கும் அவையே பெயர்கள்.

இந்த ஆண்டு கார் நெல் வரும் முன்பே நோட்டில் இரண்டு கட்டங்களைக் கூடுதலாகக் கோடு போட்டுக் கொடுத்தேன்: ஒன்று பல்லுக்கு, ஒன்று வானத்துக்கு. ஈரமானி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம், ஆனாலும் பல் கட்டத்தை அண்ணாச்சி ஒருநாளும் காலியாக விடுவதில்லை. என் திரை அன்றன்று என்ன சொன்னது என்பதை அவர் கேட்டு, தன் சொல்லுக்குக் கீழே பென்சிலால் எழுதிக்கொள்கிறார். போன சனிக்கிழமை எழுதியது இது:

"ஐப்பசி 9. கார், பத்தமடை, 62 மூட்டை. வானம்: தூறல். பல்: மெது. சத்தம்: முனகல். கம்ப்யூட்டரும் முனகல்."