முப்பத்தோராவது நாள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு நான் 11 வருடமாக விருந்தாளி. ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பர் வேலை, வருடத்துக்கு முப்பது நாள் லீவு. போன வருடம் விசாவை கேன்சல் செய்துவிட்டு மொத்தமாக வந்துவிட்டேன். முதல் முப்பது நாள் வழக்கம்போல வஞ்சிரம் வறுவல், சொந்தக்காரர்கள், சாயங்காலமானால் சில்வர் பீச் என்று போனது. முப்பத்தோராவது நாள் தட்டில் ரசமும் சுட்ட அப்பளமும் மட்டும் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். "நீதான் இனிமே இங்கயே இருக்கப்போறியே" என்று சொல்லிவிட்டு அம்மா மோர் எடுக்கப் போய்விட்டார்.

தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்ப பயணம்?" என்று கேட்டார்கள். போகவில்லை என்றால் முகத்தில் ஒரு பரிதாபம், வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் போல என்று. விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், டீக்கடையில் ஒருவரிடம் "அடுத்த மாசம்ணே" என்றே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குள் இருந்த சிக்கல் வேறு. கரண்ட் பில், கேஸ் புக்கிங், பிள்ளைகளின் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப் எல்லாம் மனைவி கையில், நான் இல்லாமலே வீடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல் ஒரு மதியம் சமையலறை அலமாரியை ஸ்டோர் மாதிரி அடுக்கினேன், டப்பாவுக்கு டப்பா பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, அதிகம் தேவைப்படாததை மேல்தட்டுக்கு ஏற்றி. ராத்திரி அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தபோது "என்னங்க, கடுகு எங்க?" என்று சத்தம். நானே நாலு டப்பா திறந்துதான் கண்டுபிடித்தேன். அது அந்த அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. மறுநாள் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஊருக்குத் திரும்பக் கிளம்புகிறவர்களுக்கு உதவும். அங்கே வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டி, முதல் 5 வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருடம் 30 நாள் சம்பளம் என்று கணக்கு. என் 11 வருடத்துக்கு 285 நாள் வந்தது, ஆனால் கைக்கு வரும் முழுச் சம்பளத்தில் இல்லை, படிகள் சேராத அடிப்படைச் சம்பளமான பேசிக்கில் மட்டும். இங்கே வந்து தங்கிவிட்டால் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கை அப்படியே வைத்திருக்கக்கூடாது, சாதாரணக் கணக்காக மாற்றவேண்டும் அல்லது பணத்தை, திரும்பி வந்தவர்கள் வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ளும் ஆர்எஃப்சி கணக்குக்குக் கொண்டுபோகலாம். இதற்காக வங்கிக்கு மூன்று தடவை அலைந்தேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேப்பர் குறைந்தது. முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் வரிக்கணக்கில் வெளிநாட்டுவாசியாக இருந்தவர்களுக்கு ஆர்என்ஓஆர் என்று ஒரு நிலை உண்டு, அது இருக்கும்வரை வெளிநாட்டில் சம்பாதிக்கிற வட்டி மாதிரியான வருமானத்துக்கு இங்கே பெரும்பாலும் வரி வராது. ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்துவிடுங்கள்.

ரோடுதான் என்னைப் பயமுறுத்தியது. அங்கே வண்டிகள் வலதுபக்கம் போகும், அதனால் ரோட்டைக் கடக்கும்போது முதலில் இடதுபக்கம் பார்த்துப் பழகிய கழுத்து இது. லாரன்ஸ் ரோட்டில் ஒரு நாள் இடதுபக்கம் பார்த்துவிட்டு நிம்மதியாகக் காலை வைத்தேன், வலதுபக்கத்திலிருந்து டவுன் பஸ் வந்துவிட்டது. டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. என் லைசென்சும் காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்ததால் மறுபடி டெஸ்ட், நாற்பது தாண்டியதால் டாக்டர் சர்டிபிகேட் வேறு. கல்லூரிப் பையன்களுக்கு நடுவே நின்று ஸ்கூட்டரில் எட்டு போட்டேன். முதல் தடவை கால் ஊன்றிவிட்டேன், அடுத்த தடவை தேறியது.

லைசென்ஸ் வந்த வாரம் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து முதுநகர் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனேன். லீவில் வரும்போதெல்லாம் பேரம் பேசாமல் வாங்குகிற ஆள் நான், மீன்கார அக்காவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டி அதே பழைய ரேட்டைச் சொன்னார்.

"அந்த வெலையெல்லாம் இனிமே சொல்லாத, என் புள்ள ஊருக்கே வந்துட்டான்" என்றார் அம்மா. அரைக் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தோம்.