ஒன்பதாவது வளைவில் நின்ற எம்.ஜி.ஏ

வடித்த ஆயிலை அகன்ற தட்டில் ஊற்றி, பட்டறை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பார்ப்பது நான் தொழில் பழகிய நாளிலிருந்து வந்த வழக்கம். அன்று அந்தத் தட்டில் இருந்த ஆயில் ஜரிகையை அலசிய தண்ணீர்போல் மின்னியது. வெள்ளி நிறத் துகள்கள் மட்டும் இருந்திருந்தால் பேரிங்கின் மேற்பூச்சு தேய்ந்திருக்கிறது என்று ஓரளவு ஆறுதல் அடைந்திருப்பேன். ஆனால் நடுநடுவே செம்பு நிறமும் தெரிந்தது. மேற்பூச்சு முழுவதும் போய், அதற்கு அடியில் உள்ள அடுக்கையும், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் அரைத்துத் தள்ளியிருக்கிறது என்பதற்கு அதுவே போதுமான சாட்சி.

ஆயிலை வடித்த கார் 1957ஆம் ஆண்டின் எம்.ஜி.ஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற சிறு நகரில் இருந்த ஆலையில் 1955 முதல் 1962 வரை 1,01,081 கார்கள் இந்த வகையில் செய்யப்பட்டன. பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போயின, இங்கிலாந்திலேயே விற்றவை ஆறாயிரத்துக்கும் குறைவு. அப்படிப்பட்ட வண்டி ஒன்று வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும், அங்கே மேலாளராக இருந்த ஒருவர் ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடமிருந்து அதை வாங்கியதும், அறுபது ஆண்டுகளாக அது அந்த மலையை விட்டு நிரந்தரமாக இறங்காமல் இருந்ததும் அவருடைய மகள் சொல்லி நான் அறிந்தவை. அந்த அம்மாவுக்கு இப்போது அறுபது வயதைத் தாண்டியிருக்கும். தந்தை போன பிறகு வண்டியை அவரே ஓட்டுகிறார். வெளியே கைப்பிடி இல்லாத அந்தக் கதவுக்குள் கையை விட்டு, உள்ளே இருக்கும் கயிற்றை இழுத்து அவர் திறந்த விதத்திலேயே, சிறு வயதிலிருந்து எத்தனை ஆயிரம் முறை அதைச் செய்திருப்பார் என்பது தெரிந்தது.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் அணையைப் பார்ப்பதற்காக எல்லோரும் வண்டியை நிறுத்துவார்கள். அந்த வளைவை நெருங்கும்போது என்ஜினுக்கு அடியிலிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல் ஓசை கேட்டது என்றும், உடனே ஓரங்கட்டி அணைத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். அணைத்ததுதான் வண்டியைக் காப்பாற்றியது. இன்னும் இரண்டு வளைவு ஏறியிருந்தால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராடு முறிந்து, என்ஜினின் உடலான பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். பிறகு நான் பேசுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

கோயம்புத்தூரில் எங்கள் பட்டறையில் போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை ஆகியவைதான் தொழில். ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கும் இடம் அல்ல அது. அப்படியிருந்தும் அந்த வண்டி எங்களிடம் வந்ததற்கு நேரான காரணம் ஒன்று உண்டு. எம்.ஜி.ஏ காரின் என்ஜினும் நம் அம்பாசடரின் பழைய பெட்ரோல் என்ஜினும் ஒரே குடும்பம். பி.எம்.சி என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் பி சீரிஸ் என்று அதற்குப் பெயர். இரண்டும் 1,489 சி.சி., இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர், இரண்டிலும் கிராங்கைத் தாங்குபவை மூன்றே மெயின் பேரிங்குகள். அம்பாசடரில் ஒற்றைக் கார்பரேட்டருடன் ஏறத்தாழ 50 குதிரைத்திறனுக்கு அடக்கி வைக்கப்பட்ட அதே என்ஜின், இதில் இரட்டை எஸ்.யு. கார்பரேட்டர், கூடுதல் கம்ப்ரஷன், வால்வுகளைத் திறக்கும் வேறு கேம் ஆகியவற்றுடன் 72 குதிரைத்திறன் தருகிறது. அம்பாசடர் டாக்சிகளின் என்ஜின்களைக் கணக்கின்றிப் பிரித்திருக்கிறேன். அவற்றைச் சாதாரண வேலை என்றே எண்ணியிருந்தேன். இந்தக் காரின் பானெட்டைத் தூக்கியபோது, கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தப் போல்ட் எங்கே இருக்கும் என்று சொல்லக்கூடிய ஒரு பொருளின் முன் நிற்பதை உணர்ந்தேன். அந்த மகிழ்ச்சியை மறைக்க நான் முயலவில்லை.

பிரித்ததும் கதை தெளிவாயிற்று. மூன்றாவது சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங், அதாவது கன்ராடு கிராங்கைப் பிடிக்கும் முனையில் உள்ள பேரிங், தன் இடத்தை விட்டுச் சுழன்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தகடாக நசுங்கிக் கிடந்தது. கன்ராடு சூட்டில் நீலம் பாரித்திருந்தது. கன்ராடு பிடித்துச் சுழலும் கிராங்க் பின்னில் விரல் நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டிக்கொள்ளும் அளவுக்குக் கோடுகள். இரண்டாவது சிலிண்டரின் பேரிங்கிலும் அதே காயம் தொடக்க நிலையில் இருந்தது. ஒன்றும் நான்கும் ஏறக்குறைய நல்ல நிலையில் இருந்தன. இந்த வேறுபாடுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. மூன்று மெயின் பேரிங் உள்ள இந்தக் கிராங்கில், முதல் கிராங்க் பின்னுக்கு முன்பக்க மெயின் பேரிங்கிலிருந்தும் நான்காவதற்குப் பின்பக்க மெயின் பேரிங்கிலிருந்தும் ஆயில் போகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடு பேரிங் ஒன்றே ஆயில் கொடுக்க வேண்டும். ஆகவே தவறு கன்ராடில் இல்லை, நடு பேரிங்குக்கு வரும் பாதையில் இருக்கிறது என்று பட்டது.

அந்த வண்டிக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு முன்புதான் வேறோர் இடத்தில் முழு ஓவர்ஹால் செய்யப்பட்டிருந்தது. பிஸ்டன், ரிங்க், பேரிங் எல்லாம் புதியவை. அளந்து பார்த்தேன், போரிங் நன்றாகவே இருந்தது, கிராங்க் கிரைண்டிங்கும் குறை சொல்ல முடியாத வேலை. பிளாக்கின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் ஆயில் பாதையான காலரியின் முனையில் பித்தளை அடைப்பு ஒன்று அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். அதைத் துளைத்து எடுத்துப் பார்த்தபோது அது ஆலையில் அடித்த அடைப்பே, அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக யாரும் கழற்றாதது என்று தெரிந்தது. உள்ளே நீண்ட பிரஷ்ஷை விட்டு இழுத்ததும் கரும்பசை வந்தது. பழைய மசியும், சிலிண்டரைத் தேய்த்து மெருகேற்றும் ஹோனிங் கல்லின் தூளும், இரும்புத் தூளும் சேர்ந்த பசை அது. பம்பிலிருந்து வரும் ஆயில் முதலில் ஃபில்டருக்குப் போய், வடிகட்டப்பட்ட பிறகுதான் காலரிக்கு வருகிறது. ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் அழுக்கு இருந்தால் அதைத் தடுக்க எதுவும் கிடையாது, நேராகப் பேரிங்குக்குத்தான் போகும். புதிய ஆயில் ஓராண்டாக அந்தப் பசையைக் கரைத்துக் கரைத்து நடு பேரிங்குக்கு ஊட்டியிருக்கிறது. மலையேற்றத்தில் ஆயில் சூடேறி இளகியபோது, ஏற்கெனவே காயம்பட்ட மூன்றாம் பேரிங் கைவிட்டுவிட்டது.

அதைச் செய்தவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், என் கையால் சேர்த்த அம்பாசடர் டாக்சி என்ஜின் ஒன்று பத்து நாளில் திரும்பி வந்தது. எங்கள் மாஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல் காலரி அடைப்பைக் கழற்றி, உள்ளே ஒரு வெள்ளைத் துணியை விட்டு இழுத்து, அதை என் கையில் கொடுத்தார். அந்தத் துணி இருந்த நிறம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த டாக்சிக்காரர் இழந்த பத்து நாள் வருமானத்தையும் மறக்கவில்லை.

பழுதுக்குக் காரணம் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த எம்.ஜி.ஏ குடும்பத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 1958 முதல் 1960 வரை ட்வின் கேம் என்ற வகையில் 2,111 கார்கள் செய்தார்கள். அவற்றின் பிஸ்டன்கள் உருகி ஓட்டையாகின. இக்னிஷன் டைமிங்கைக் குறை சொன்னார்கள், கம்ப்ரஷன் விகிதத்தை 9.9இலிருந்து 8.3ஆகக் குறைத்தார்கள், கடைசியில் அந்த வகையையே நிறுத்திவிட்டார்கள். குறிப்பிட்ட வேகத்தில் என்ஜின் அதிர்வு கார்பரேட்டருக்குள் பெட்ரோலை நுரைக்க வைக்கிறது, அதனால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் எரிகிறது என்பது மிகவும் பிந்தித்தான் புரிந்தது. கார்பரேட்டரை நெகிழ்வான இணைப்பில் பொருத்தியதும் அதே என்ஜின் ஒழுங்காக ஓடியது. சிறந்த பொறியாளர்கள் இருந்த ஆலைக்கே இப்படி என்றால், பட்டறையில் பாகத்தை மாற்றிவிட்டுச் சாவியைக் கொடுப்பவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கிராங்க் ஏற்கெனவே இருபது சைஸில், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு குறைத்து அரைக்கப்பட்டிருந்தது. கோடுகள் போக நாற்பது சைஸுக்கு இறக்க வேண்டும், அதற்கு மேல் இடமில்லை. இதைக் கேட்ட பலர், நல்ல அம்பாசடர் என்ஜின் ஒன்றை அப்படியே தூக்கி வைத்துவிடலாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தவறான யோசனை அல்ல. சில சில்லறை மாற்றங்களுடன் அது பொருந்தும், செலவு மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். அவர் பட்டறைக்கு வந்து, பிரித்து வைத்திருந்த பாகங்களுக்கு முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அம்பாசடர் என்ஜின் வச்சா வண்டி ஓடும்னு எல்லாரும் சொல்றாங்க. ஓடுங்கறது எனக்கும் தெரியுது. அப்பா ஓட்டுன வண்டியா இருக்குமா, அத நீங்க சொல்லுங்க.”

“பிளாக்கு நல்லா இருக்குதுங்கம்மா. கிராங்கும் ஒரு தடவ தாங்கும். ஆனா மூணாவது கன்ராடு வெந்துபோச்சு. அதுக்குப் பதிலா நான் போடறது ஒரு அம்பாசடர் கன்ராடாத்தான் இருக்கும்.”

அவர் சிறிது யோசித்துவிட்டு, அது போதும் என்றார். தோட்டத்து ஜீப்பின் போல்ட்டுகளைக்கூட அவருடைய அப்பா இந்த வண்டிக்குப் போட்டிருக்கிறாராம்.

வேலை நான்கு மாதம் நடந்தது. பெரும்பகுதி காத்திருப்பு, பிஸ்டன்கள் இங்கிலாந்திலிருந்து வர வேண்டியிருந்தது, ஏனென்றால் அம்பாசடர் பிஸ்டனைப் போட்டால் கம்ப்ரஷன் குறைந்து அந்த வண்டியின் குணமே போய்விடும். கன்ராடு மட்டும் எங்கள் பரணில் இருந்தது. இந்தக் குடும்பத்தின் கன்ராடுகளில் பிக் எண்ட் நேராகப் பிளக்கப்படாமல் சாய்வாகப் பிளக்கப்பட்டிருக்கும். சிலிண்டர் வழியாக மேலே உருவி எடுப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பரணில் இருந்த ஏழில், எடையில் மற்ற மூன்றுக்கும் மிக நெருங்கியதைத் தேர்ந்து, நான்கையும் நகைக்கடைத் தராசில் வைத்து, அரத்தால் சிறிது சிறிதாக உராய்ந்து இரண்டு கிராம் வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தேன். ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட்டுகளைப் புதிதாக அடித்தோம். இந்த என்ஜின் பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அது வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு முதல் ஈயமற்ற பெட்ரோல்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் பெட்ரோல் குழாய்களையும் மாற்றினோம்.

காலரியை நான் யாரிடமும் விடவில்லை. மண்ணெண்ணெய், பிரஷ், சோப்புத் தண்ணீர், காற்று, மறுபடியும் மண்ணெண்ணெய் என்று இரண்டு நாள் கழுவினேன். பித்தளை அடைப்பு இருந்த இடத்தில் மறை வெட்டி, திருகிக் கழற்றக்கூடிய அடைப்பைப் பொருத்தினேன். எனக்குப் பின் இந்த என்ஜினைப் பிரிப்பவருக்கு அது ஐந்து நிமிட வேலையாக இருக்கும். கடைசியாக வெள்ளைத் துணியை விட்டு இழுத்து, எங்களிடம் வேலை பழகும் பையனின் கையில் கொடுத்தேன். அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது அண்ணா என்றான். இன்னொரு முறை இழுக்கச் சொன்னேன்.

ஸ்டார்ட் செய்யும் நாளில் நான்கு பிளக்குகளையும் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் இழுத்து, ஆயில் பிரஷர் முள் எழும்வரை சுற்றினோம். முள் எழுந்த பிறகே பிளக்குகளை மாட்டினேன். இரண்டாம் இழுப்பில் என்ஜின் பிடித்தது. இரண்டு கார்பரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டுச் சரிசெய்ய அரை நாள் ஆயிற்று; இரண்டின் சீறலும் ஒன்றாகக் கேட்கும் அந்தக் கணத்தில் என்ஜின் தானாகவே குரல் தணிந்து சீராகிவிடும். பின்பக்கம் ஒரு சொட்டு ஆயில் தரையில் விழுந்தது. கிராங்கின் பின்முனையில் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் மறைதான் உண்டு. அம்பாசடர் வைத்திருந்த வீடுகளின் போர்ட்டிகோவில் எல்லாம் அந்தக் கறை இருக்கும்.

முதல் 800 கிலோமீட்டருக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம், மலை ஏறவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் பொள்ளாச்சியில் உறவினர் வீட்டில் வண்டியை வைத்து, உடுமலைக்கும் ஆனைமலைக்குமாக ஓட்டி அந்தத் தூரத்தை முடித்துவிட்டு ஆயில் மாற்ற வந்தார். தட்டை வெயிலுக்குக் கொண்டுபோனேன். ஆயில் கருத்திருந்தது, மின்னவில்லை. ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தேன். புது ரிங்க் படிந்ததால் வரும் மெல்லிய தூளைத் தவிர வேறெதுவும் இல்லை. அதன் பிறகே மலைக்குச் சரி என்றேன். ஏறும்போது ஐந்து வளைவுக்கு ஒருமுறை ஆயில் பிரஷரைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் தோட்டத்திலிருந்து ஒரு காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். பழைய தேயிலை எடைச்சீட்டின் பின்பக்கம், மேலாளர் மகளுக்கே உரிய நேர்த்தியான கையெழுத்தில் வளைவு எண்ணும் அதற்கு எதிரே பிரஷரும். ஐந்தாவதில் 55. பத்தாவதில் 50. இருபதில் 50. முப்பதில் 48. நாற்பதில் 50. நான் கேட்காத ஒன்றையும் எழுதி, அதன் அடியில் கோடிட்டிருந்தார்: ஒன்பதாவதில் 52. அந்த எண்களை அப்படியே எங்கள் ஜாப் கார்டில் எழுதி, என்ஜின் எண்ணுக்குக் கீழே கையெழுத்திட்டு, கோப்பில் வைத்தேன்.