பாடகிக்கு முன்பே முடிந்துவிடும் பாட்டு

பாடகி ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' பாடல் 2007-இல் வெளிவந்து அமெரிக்காவில் 7 வாரங்களும் பிரிட்டனில் 10 வாரங்களும் முதலிடத்தில் இருந்தது. தொடக்கத்தில் ஜே-ஸியின் ராப்புக்கு அடியில் கேட்கும் அந்தக் கனத்த டிரம்ஸ் தாளம், ஆப்பிள் கணினிகளோடு வரும் கராஜ்பேண்ட் மென்பொருளில் 'விண்டேஜ் ஃபங்க் கிட் 03' என்ற பெயரில் எவருக்கும் கிடைக்கும் ஒரு லூப்தான், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டு. இசைத் தயாரிப்பாளர் டிரிக்கி ஸ்டூவர்ட் அதை ஓடவிட்டு, மேலே சில கார்டுகளை (chords, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை) வாசிக்க, உடனிருந்த பாடலாசிரியர் தி-டிரீம் வரிகளைப் பாடத் தொடங்கினார். பாடலின் டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, அன்றைக்கே ஏறக்குறைய உருவாகிவிட்டது.

அப்போது அதைப் பாட அவர்கள் மனத்தில் இருந்தவர் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ். அவர் தரப்பு வேண்டாம் என்றது, இன்னொரு பாடகி மேரி ஜே. பிளைஜின் பக்கமும் போய்க் கைகூடாமல், கடைசியில்தான் ரிஹானாவிடம் வந்தது. மாதிரிக்காக முதலில் பாடிவைக்கும் டிராக் பாடகரின் குரலை அழித்துவிட்டு நட்சத்திரக் குரலை ஏற்றும் நம் திரையிசை வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஆனால் நம் ஊரில் மெட்டு முதலில் பிறந்து வாத்தியங்கள் அதைச் சுற்றி அமைவதே நெடுநாள் பழக்கம். அமெரிக்க பாப் இசையிலோ, தாளமும் கார்டுகளும் ஒலியின் நிறமும் முழுதாக முடிவான ஒரு டிராக்கின் (குரலில்லாத பின்னணி இசையின்) மேல் மெட்டும் வரியும் பிறகு வந்து உட்காருவது சாதாரணமாகிவிட்டது. அதனால்தான் டிராக் செய்தவரையும் பாடலாசிரியர்களுள் ஒருவராகவே அங்கே கணக்கிடுகிறார்கள். என் காதுக்கு அது சரியாகவே படுகிறது, ஏனெனில் அந்த டிரம்ஸை எடுத்துவிட்டால் 'அம்ப்ரெல்லா' வேறொரு பாட்டு.

பாடகர் வந்த பிறகும் தயாரிப்பாளரின் வேலை ஓய்வதில்லை. ஒரே வரியைப் பலமுறை பாடவைத்து, ஒன்றிலிருந்து முதற்சொல்லையும் இன்னொன்றிலிருந்து இழுப்பையும் எடுத்துக் கோத்து, சுருதியைத் திருத்தி, அதே குரலை இணைகளாக அடுக்குவார்கள். 'அம்ப்ரெல்லா'வை எழுதியவர்களுள் ஒருவரான குக் ஹாரல், பாடகர்களின் குரலை இப்படிப் பதிவுசெய்து செப்பனிடுவதற்காகவே பெயர் பெற்றவர்.

டிராக்கின் வலிமை சங்கடமாக வெளிப்பட்டது 2009-இல். பாடலாசிரியரும் தயாரிப்பாளருமான ரயன் டெடர் உருவாக்கிய, பாடகி பியான்சேயின் 'ஹேலோ'வையும், அவரே பாடகி கெல்லி கிளார்க்சனுடன் எழுதிய 'ஆல்ரெடி கான்' பாடலையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்: மெட்டு வேறு, வரிகள் வேறு, ஆனால் பியானோவும் கைதட்டல் கலந்த தாளமும் ஒரே வார்ப்பில் எடுத்தவைபோல ஒலிக்கும். ஒரே டிராக்கை இருவருக்கும் கொடுத்ததாகச் சொல்வதை டெடர் மறுத்தார். கிளார்க்சனோ, கேட்பவர்கள் டெடரை நினைக்க மாட்டார்கள், தான் காப்பியடித்துவிட்டதாகத்தான் பேசுவார்கள் என்று வெளிப்படையாகவே பேட்டியில் குமுறினார். அதன்பிறகும், அவர் விரும்பாதபோதும், இசை நிறுவனம் அந்தப் பாடலைத் தனிப்பாடலாக வெளியிட்டது.