சாட்ஸ்வொர்த்தில் சம்மன் கொடுத்த காலம்

தென்னாப்பிரிக்காவில் நீதிமன்றத் தாள்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஷெரிஃபின் பொறுப்பு. ஷெரிஃப் என்றதும் போலீஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அரசு நியமிக்கும், சம்பளம் தராது. தாளுக்கு இவ்வளவு என்று விதித்த கட்டணம்தான் வருமானம். அவருக்குக் கீழே வீடு வீடாக ஏறி இறங்குகிறவர் டெபுட்டி ஷெரிஃப். டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், 2022 கடைசிவரை நான் அந்த வேலையில் இருந்தேன். சேரலாமா என்று சில பிள்ளைகள் கேட்பதால் எழுதுகிறேன்.

முதல் தொல்லை நேரம். காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணிக்குள் கொடுக்கப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூடாது. ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் போகிறவர் நான் வருமுன்பே கிளம்பியிருப்பார். அடுத்தது விலாசம். 1960களில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிக் கட்டிய ஊர் இது. பல சாலைகளுக்கு எண்தான் பெயர். ஒரே வீட்டு எண்ணில் முன்னால் ஒரு குடும்பம், பின்னால் அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இன்னொன்று. கடைகளைச் சூறையாடிய 2021 ஜூலை கலவரத்துக்கு அப்புறம் தெரியாத கார் தெருவுக்குள் நுழைந்தாலே நாலு பேர் வந்து கேட்பார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. அடையாள அட்டையைக் காட்டிப் பொறுமையாகப் பதில் சொன்னால் வழி விடுவார்கள்.

நாயையும் வசவையும் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது வேறு. கதவைத் திறப்பது பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை. "அப்பா இல்லை அங்கிள்." உள்ளே டிவி சத்தம் கேட்கும். பார்வைக்கு 16 வயதாவது ஆனவரிடம்தான் தாளைக் கொடுக்கலாம். அந்தப் பிள்ளையை நெருக்கிக் கேட்க மனசு வராது, கேட்கவும் கூடாது. திரும்பி வர வேண்டியதுதான். விவாகரத்துச் சம்மன் என்றால் வயது வந்தவர் இருந்தாலும் பயனில்லை, உரியவர் கையிலேயே சேர வேண்டும்.

தாளை நீட்டுவதோடு வேலை முடியாது. அதில் என்ன இருக்கிறது என்று விளக்க வேண்டும், விளக்கியதாக ரிட்டர்னில், அதாவது தாளை எப்படிச் சேர்த்தேன் என்று நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில், எழுத வேண்டும். சாட்ஸ்வொர்த்தின் பேவியூ பகுதியில் ஒரு பாட்டி, மகன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். சம்மனை வாங்கி, பிரித்துப் பார்க்காமல், முனிசிபாலிட்டி பில்களோடு அலமாரியில் செருகப் போனார்.

"பாட்டி, இது பில் இல்ல. சனி, ஞாயிறு, லீவு நாள் தள்ளி பத்து நாளுக்குள்ள வழக்காடப் போறேன்னு எழுதிக் குடுக்கணும்."

"குடுக்கலன்னா என்ன தம்பி?"

"உங்களைக் கேக்காமலே தீர்ப்பு எழுதிடலாம். நாளைக்கே லீகல் எய்ட் ஆபீசுக்குப் போங்க."

அவர் தாளை வெளியே எடுத்து மறுபடி என் கையில் கொடுத்து, "முதல்லேருந்து படி" என்றார். படித்தேன். அடுத்த தாளுக்கு நேரமாகிவிட்டது, பரவாயில்லை. காருக்குள் இருந்தபடியே "கதவில் ஒட்டினேன்" என்று எழுதிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்த ஒரு வரியை நீதிமன்றம் நம்பி எடுத்துக்கொள்ளும். வழக்கு இருப்பதே தெரியாமல் ஒருவர் வீட்டை இழக்க அது போதும். மன்னிக்கக்கூடிய காரியம் அல்ல.

இன்னொன்று. கடன் பத்திரத்தில் நாமே எழுதிக் கொடுத்த விலாசத்தில் தாளை விட்டுவிட்டு வந்தாலே செல்லும், அங்கே நாம் இல்லாவிட்டாலும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீடு போய் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அந்த மாதங்களில் பக்கத்து வீட்டில் விசாரித்து ஆளைத் தேடிப் போய்க் கொடுத்தேன். சட்டம் அவ்வளவு கேட்கவில்லை. வீடு மாறினால் கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் கனமானது குடும்ப வன்முறைப் பாதுகாப்பு உத்தரவு. 1998 சட்டப்படி, அப்போது, இடைக்கால உத்தரவு அடிக்கிறவன் கையில் சேரும்வரை அதற்கு வலு கிடையாது. நான் ஆளைப் பிடிக்காத ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பெண்ணுக்குக் காவல் இல்லாத ராத்திரி. அதனால் அந்தத் தாள் பையில் இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம்தான். ஒருவனை அவன் வேலை பார்த்த பட்டறை வாசலில் பிடித்தேன். கையில் கிரீஸ், முகத்தில் கோபம். வாங்க மாட்டேன் என்றான். குரலை உயர்த்தாமல், அவள் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்பதையும் நீதிமன்றத்துக்கு வர வேண்டிய தேதியையும் சொல்லி, தாளை அவன் காலடியில் வைத்தேன். மற்ற ரிட்டர்ன்களைச் சேர்த்து மறுநாள் கொடுப்பது வழக்கம். இதை அன்றைக்கே, நீதிமன்றம் மூடுமுன் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதெல்லாம் அது போய்ச் சேர்ந்த பிறகுதான் உத்தரவின் நகலும் கைது வாரண்டும் அவள் கைக்குப் போகும்.