பூசைச் சேவலின் கழுத்து இறகு

"மாமா, சுடுதண்ணியில முக்குறதுக்கு முன்னாடி அந்தக் கழுத்து இறகை மட்டும் எனக்குக் கொடுத்துடுங்க."

முனியாண்டி பூசை முடிந்து சேவலோடு உட்கார்ந்திருந்த மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டா, தாயத்துக் கட்டவா?"

இல்லை, மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் இறகால் பொய்ப்பூச்சி கட்ட.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தூண்டில் என்றால் மண்புழு, கெலா மீனுக்குச் செம்பனைப் பழம். இறகைப் பூச்சியாக்கி மிதக்கவிடுவது இங்கே உள்ளவர்களுக்குக் கிறுக்குத்தனம்.

ஆனால் அந்த இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒடுக்கமாக, பளபளவென்று, ஒவ்வோர் இழையும் விறைப்பாக நிற்கும். இரண்டு இறகின் நுனியை வெளிப்பக்கம் வளையும்படி சேர்த்து முள்ளின் மேல் கட்டி, முன்னால் நூலை நெருக்கிச் சுற்றினால் சிறகு நிமிர்ந்துவிடும். அப்புறம் இன்னோர் இறகை அதன் அடியில் சுற்ற, இழைகள் நாலாபக்கமும் விரியும், அந்த நுனிகள்தான் தண்ணீர் மேல் ஊன்றி முள்ளைத் தாங்கும். பெட்டைக்கோழி இறகு மெத்தென்று இருக்கும், நனைந்து முங்கிப்போகும்.

இப்படி இறகு நுனியைச் சிறகாக வைத்த ஆடம்ஸ் பூச்சியை 1922-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டியது ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்காக. சரி, நம்ம ஆற்றில் ட்ரவுட் இல்லை. கரையோர மரத்திலிருந்து விழும் எறும்புக்கு வாய் திறக்கும் மீன் இருக்கிறதே!

இதற்கென்றே வளர்த்த சேவலின் கழுத்துத் தோல் கடையில் கிடைக்கும், விலைதான் கொள்ளை. அதில் இறகு நீளம். நம்ம நாட்டுச் சேவலுக்குக் குட்டை, அதனால் இரண்டைச் சேர்த்துச் சுற்றினால் போச்சு.