அடுத்தடுத்த இரண்டு ஸ்லைடுகள்

சிங்கப்பூர் வந்து, புவன விஸ்தா பக்கம் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். மெழுகில் பதித்த புற்றுக்கட்டித் துண்டுகளை 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஸ்லைடில் ஏற்றிச் சாயம் போடும் வேலை. மூச்சுப் பட்டாலே பறந்துவிடும் சீவல். வெந்நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கமில்லாமல் தூக்கவே 2 மாதம் பழகினேன்.

சிடி68 சாயம் முதன்முதலில் சரியாக விழுந்த நாள் நினைவிருக்கிறது. குடல் புற்றுக்கட்டியின் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். அத்தனையும் மேக்ரோஃபேஜ், கிருமியையும் செத்த அணுக்களையும் விழுங்கும் எதிர்ப்பு அணுக்கள். படை வந்து பகைவனை வளைத்துவிட்டது என்றே நினைத்தேன். எங்கள் தளத்தைத் துப்புரவு செய்யும் அக்காவிடமும் அப்படியே சொன்னேன். அவர் கணவருக்கும் குடல் புற்று. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் மேற்பார்வையாளர் அடுத்த சீவலில் சிடி31 போடச் சொன்னார். ரத்தக்குழாயின் உட்சுவரைக் காட்டும் சாயம் அது. இரண்டு ஸ்லைடையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். முதல் ஸ்லைடில் புள்ளிகள் மொய்த்த இடத்திலெல்லாம், இதில் கோணல்மாணலாகப் புதுக் குழாய்கள்.

புதுக் குழாய் இல்லாமல் கட்டி சில மில்லிமீட்டரைத் தாண்டாது என்று அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இலேயே எழுதியிருக்கிறார். ஆக்சிஜன் குறைந்த இடத்துக்கு வரும் மேக்ரோஃபேஜ், விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து குழாயைத் துளிர்க்க வைக்கும். சுற்றியுள்ள திசுவை இளக்கி வழியும் விடும். விரலில் வெட்டுப்பட்டால் புண் ஆறுவதும் இப்படித்தான். புற்றணுவைத் தின்னும் மேக்ரோஃபேஜும் உண்டு. ஆனாலும் கட்டிக்குக் குழாய் துளிர்க்க வைப்பதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரிந்த வேலையைத்தான் அது அங்கும் செய்கிறது.

அக்காவிடம் இதைச் சொல்ல ஒரு வாரம் வாய் வரவில்லை. அப்புறம் அவரே வந்தார்.

"தம்பி, அவருக்குப் போட்ட பெவாசிசுமாப் ஊசியை நிறுத்திட்டாங்க. ஆப்பரேஷன் இருக்காம். கைவிட்டுட்டாங்களோ?"

"இல்லக்கா. அந்த ஊசி விஇஜிஎஃபைக் கட்டிப்போடும். கட்டிக்குக் குழாய் வராது, வெட்டின புண்ணுக்கும் வராது. புண் ஆறணும்னா குறைஞ்சது 28 நாள் முன்னாடியே நிறுத்தணும். டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. அன்னிக்கு நான் சொன்னது தப்புக்கா."

இரண்டு ஸ்லைடையும் காட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தார்.

"இந்தப் பழுப்புதான் அவர் புண்ணையும் ஆத்துமா?"

"ஆமாக்கா."

வெகுநேரம் அவர் நிமிரவில்லை.